எந்தத் துப்பாக்கி உயர்ந்தது?

யுத்தக் கதைகளைப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்துவிட்டால் போதும். ஒரு வழக்கு தவறாமல் கிளம்பிவிடும். ஜெர்மானியருடைய மௌஸர் ரைபிள் உயர்ந்ததா, இங்கிலீஷ்காரருடைய லீ-என்பீல்டு உயர்ந்ததா என்பதுதான் அந்த வழக்கு. சற்று நேரத்தில் அமெரிக்கர்களின் காரண்டு ரைபிளுக்கும் ஒரு வக்கீல் முளைத்துவிடுவார். பிறகு பேச்சு பிஸ்டலுக்குத் தாவும். மௌஸர் பிஸ்டலா, கோல்ட் பிஸ்டலா, வெப்லி ரிவால்வரா என்று வாதம் முற்றிக்கொண்டிருக்கும்போது, சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்கும். வழக்கு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படும்.

இதைப் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவதற்கில்லை. தலை நரைத்த சேனாபதிகளும், மூக்குக்கண்ணாடி போட்ட ராணுவ மந்திரிகளும் நூறு வருஷத்துக்கு மேலாக இதே வழக்கைத்தான் கோடி கோடியாகச் செலவு செய்து விசாரித்து வந்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் மற்றெந்த தேசத்தாரையும்விட நமக்கு அக்கறை அதிகம் இருக்கவேண்டும். ஏனெனில், எந்தத் துப்பாக்கி நல்லது என்று அபிப்பிராயம் சொல்வதற்கே நமக்கு உரிமை இல்லை என்று ஒரு சர்க்கார் நெடுங்காலம் சட்டம் போட்டு வைத்திருந்தது. ஆகையால் இந்த வாரம் வழக்கை நம்முடைய கச்சேரிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தேசித்தோம்.

கலியாணத்தில் இரண்டு வகை

முதலில் ஒரு பேதத்தைத் தெளிவு செய்துகொள்வோம். ரைபிள் வேறு, பிஸ்டல் வேறு. நீளத்திலும் கனத்திலும் உள்ள வித்தியாசம் பார்த்த மாத்திரத்தில் தெரிவது. அதைவிட முக்கியமான வித்தியாசம் வேறொன்று இருக்கிறது.

சிப்பாய்க்கு ரைபிளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. எங்கோ ஒரு கமிட்டி கூடி, பல மாதிரிகளைச் சுட்டுப் பார்த்து, செலவுக் கணக்குப் போட்டு, ஒன்றை நிச்சயம் செய்கிறது. சிப்பாயின் கையில் அது வந்து சேருகிறது. அதனுடன் அவன் காலம் தள்ளவேண்டியதுதான். பெரியவர்கள் பார்த்து முடித்து வைத்த கலியாணம் அது. கைத்துப்பாக்கியோ பெரும்பாலும் காந்தர்வ விவாகம். பிரிட்டிஷ் ராணுவத்தில் உத்தியோகஸ்தர்கள் தங்கள் ரிவால்வரைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிக்கொள்வது வெகு காலம் வழக்கமாயிருந்தது. ராணுவத் தோட்டா அதில் பொருந்தவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. எனவே ஒரு தேசத்தின் புத்தியை அறிய வேண்டுமானால் அதன் ரைபிளைப் பார்க்கவேண்டும். ஒரு மனிதனுடைய சுபாவத்தை அறிய வேண்டுமானால் அவன் இடுப்பில் தொங்கும் பிஸ்டலைப் பார்க்கலாம்.

இயந்திர விஷயத்தில் இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே. குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கிறது. குண்டு அதன் வழியே சுழன்றுகொண்டு வெளிப்படுகிறது. சுழலுகிற பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலுகிற குண்டு திசை தவறாமல் போகிறது. ஆனால் லீ-என்பீல்டின் குழல் 25 அங்குலம். மௌஸர் பிஸ்டலின் குழலோ ஐந்தரை அங்குலம். லீ-என்பீல்டின் குண்டு வினாடிக்குச் சுமார் 2,400 அடி வேகத்தில் கிளம்புகிறது. வெப்லி ரிவால்வரின் பெரிய குண்டுக்கு வினாடிக்கு 600 அடிக்குச் சற்று அதிகமான வேகந்தான் உண்டு. ரைபிள் கால் மைல் தூரத்தில் இருப்பவனையும் எட்டும். கைத்துப்பாக்கி ஒரு தெருவின் அகலத்தைத் தாண்டினாலே தடுமாறும். இந்தக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நம்முடைய தேச சரித்திரத்தில் இது ரத்தத்தினால் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கப் போகிறோம்.

மூன்று ரைபிள்கள்

மௌஸரிலிருந்து ஆரம்பிப்போம். ஓபர்ண்டார்ப் என்னும் ஊரில் பால் மௌஸர் பல வருஷம் பாடுபட்டுச் செய்த ரைபிளை 1898-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்டது. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தாழ்தான் அதன் உயிர். தாழின் முன்புறத்தில் இரண்டு காதுகள் குழலின் வாய்க்கு நேர் பின்னால் பூட்டிக்கொள்கின்றன. தவறு நேர்ந்தால் தாங்குவதற்கு மூன்றாவது காது ஒன்று பின்னால் இருக்கிறது. சுட்ட தோட்டாவைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி உடும்புப் பிடியாய்ப் பிடிக்கும். உறுதி, துல்லியம், பத்திரம் ஆகிய மூன்றிலும் அதை மிஞ்சுவது கடினம். இன்றைக்கும் வேட்டைத் துப்பாக்கி செய்கிற கம்பெனிகள் பல அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. அமெரிக்கர்கள் 1903-ல் தங்கள் ஸ்பிரிங்பீல்டு ரைபிளைச் செய்தபோது மௌஸரின் யுக்திகளை எடுத்தாண்டு, அதற்காக மௌஸர் கம்பெனிக்கு 2 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். எதிராளியே கட்டணம் கட்டிப் பாராட்டிய பிறகு வேறு நற்சாட்சிப் பத்திரம் எதற்கு?

இங்கிலீஷ்காரர்களுக்கு மௌஸரின் மகிமையைக் கற்பித்தவர்கள் தென்னாப்பிரிக்கப் போயர்கள். 1899-ல் தொடங்கிய யுத்தத்தில், குதிரை ஏறிய அந்தக் குடியானவர்கள் கையில் மௌஸர் இருந்தது. ஐந்து தோட்டாக்களை ஒரே தகட்டில் கோத்து ஒரே அழுத்தில் உள்ளே தள்ளிவிடுவார்கள். பிரிட்டிஷ் சிப்பாயோ ஒவ்வொன்றாகத் தோட்டாவைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். கொலென்ஸோவிலும் ஸ்பியன் காப் குன்றிலும் விழுந்தவர்களைத் தூக்கிச் சென்றவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். காந்திஜி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனவர்கள். மௌஸரின் வலிமையை அவர்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஸ்ட்ரெச்சரின் கனத்திலே தெரிந்துகொண்டார்கள்.

அந்தப் பாடத்தின் பலன்தான் குட்டை லீ-என்பீல்டு. 1904-ல் முதல் மாதிரியும், 1907-ல் பிரசித்தி பெற்ற மூன்றாம் மாதிரியும் வெளிவந்தன. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் ஸ்காத்லாந்தில் பிறந்து, கானடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் வேலை செய்தவர். என்பீல்டு என்பது லண்டனை அடுத்த ஊர். இந்த ரைபிளின் தாழ் பின்புறத்தில் பூட்டுகிறது. மௌஸரைப் பார்க்க இது உறுதி குறைந்த அமைப்பு என்பது வாஸ்தவம். ஆனால் தாழ் நகரவேண்டிய தூரம் குறைவு. கைப்பிடி விரலுக்கு அருகிலேயே இருக்கிறது. இழுத்துத் தள்ளுவதற்கு நொடி நேரம் போதும். மௌஸரில் ஐந்து தோட்டா கொண்டால் இதில் பத்து. 300 கஜ தூரத்திலுள்ள இலக்கில் நிமிஷத்துக்குப் பதினைந்து குண்டு பாய்ச்சவேண்டும் என்று சிப்பாய்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் மான்ஸ் நகருக்கு அருகே அந்தப் பரீட்சையில் தேறிய சிப்பாய்கள் சுட்டபோது, எதிரே வந்த ஜெர்மானியர் பிரிட்டிஷார் ஏராளமான யந்திரத் துப்பாக்கிகளை வைத்திருப்பதாக எண்ணிக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு.

நீளத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1898-ன் மௌஸர் லீ-என்பீல்டைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்து அங்குலம் அதிக நீளம். காட்சிக்கு அது கம்பீரந்தான். சேறும் முள்வேலியுமான பதுங்கு குழியில் ஐந்து அங்குலம் என்பது ஐந்து வினாடித் தாமதம். 1935-ல் ஜெர்மானியரும் தங்கள் ரைபிளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது, அமெரிக்கக் காரண்டு. ஜான் காரண்டு கானடாவில் பிறந்தவர். ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையில் உத்தியோகம் பார்த்தவர். 1936-ல் அவருடைய ரைபிள் அங்கீகரிக்கப்பட்டது. ஒரு குண்டு வெளிப்படும்போது உண்டாகும் புகையின் அழுத்தத்தைக் கொண்டே அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். சிப்பாய் தாழைத் தொடவேண்டியதில்லை. எட்டுத் தடவை விசையை அழுத்தினால் எட்டுக் குண்டு. எட்டாவது தோட்டா தீர்ந்ததும் காலி உறை 'டிங்' என்று சத்தம் போட்டுக்கொண்டு வெளியே துள்ளும். ஜெனரல் பாட்டன் இந்த ரைபிளை வானளாவப் புகழ்ந்தார். 50 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட அந்த ரைபிளுக்காகக் காரண்டு ஒரு காசு உரிமைத் தொகை பெறவில்லை. தம் உரிமை முழுவதையும் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு லட்சம் டாலர் சன்மானம் கொடுக்கவேண்டுமென்று காங்கிரஸ் சபையில் வந்த மசோதாவும் நிறைவேறவில்லை. கம்பெனிக்கு 2 லட்சம் கொடுக்க இசைந்த சர்க்காருக்கு, சொந்த உத்தியோகஸ்தரிடம் வந்தவுடன் கை சுருங்கிவிட்டது!

ஜப்பானியருடைய அரிஸாக்கா ரைபிளையும் ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும். அதன் தாழறை அதிசயிக்கத்தக்க உறுதி வாய்ந்தது. அதன்மேல் பதினாறு இதழ்கொண்ட செவ்வந்திப் பூ முத்திரை பொறித்திருக்கும். ரைபிள் சக்கரவர்த்தியின் சொத்து என்பதற்கு அடையாளம் அது. 1945-ல் ஜப்பான் சரணடைந்த பிறகு ஆயிரக்கணக்கான ரைபிள்களில் அந்தப் பூவை அரத்தினால் தேய்த்துவிட்டுக் கொடுத்தார்கள்.

மூன்றையும் சீர்தூக்கினால், உறுதிக்கும் துல்லியத்துக்கும் மௌஸர், கையால் தாழ் இழுக்கும் ரைபிள்களில் விரைவுக்கு லீ-என்பீல்டு, காலத்துக்கு முந்திய யுக்திக்குக் காரண்டு என்று பரிசைப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம். ஒன்றுக்குத்தான் கொடுக்கவேண்டும் என்று நேயர்கள் வற்புறுத்தினால், 1914-ன் களத்துக்கு லீ-என்பீல்டும் 1944-ன் களத்துக்குக் காரண்டும் என்று சொல்வோம்.

அவரவர் இஷ்டம்

கைத்துப்பாக்கி விஷயத்தில் இப்படித் தராசு பிடிக்க முடியாது. ஆளுக்கு ஆள் ருசி மாறும்.

ரிவால்வரின் பக்தர்கள் சொல்வது இது: ஆறு அறையுள்ள உருளை, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்துவிடும், தூசி படிந்தாலும் கோபித்துக்கொள்ளாது. வெப்லி ரிவால்வரை நடுவில் மடித்தால் காலித் தோட்டாக்கள் ஆறும் தாமே வெளியே விழும். பிரிட்டிஷார் இரண்டு உலக யுத்தங்களிலும் ரிவால்வரை விடவில்லை. தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலின் பக்தர்களோ, அதிகத் தோட்டா, தட்டை வடிவம், நொடியில் மறு நிரப்பு என்று அடுக்குவார்கள். ஜெர்மானியரின் லூகர் பிஸ்டல் பார்க்க வெகு அழகு. கைக்கு இணக்கமாகப் பொருந்துவது. ஆனால் செய்வதற்குச் செலவு அதிகம், சேறு பட்டால் சிணுங்கும். சொந்த ராணுவமே 1938-ல் வால்தர் பிஸ்டலைத் தேடிக்கொண்டது. எதிரிச் சிப்பாய்கள்தான் லூகரை ஞாபகார்த்தப் பொருளாகத் தேடித் தேடி எடுத்துப் போனார்கள்.

ஜான் பிரௌனிங் அமைத்த அமெரிக்கக் கோல்ட் பிஸ்டலை ராணுவம் 1911-ல் ஏற்றுக்கொண்டது. சோதனையில் ஒரு தடங்கலுமின்றி 6,000 தோட்டாக்களைச் சுட்டதாம். 1985 வரையில் அது அமெரிக்க ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது. அதன் பெரிய குண்டுக்குக் காரணமாயிருந்தவர்கள் பிலிப்பைன் தீவுகளின் மோரோ மக்கள். சொந்த மண்ணில் அந்நியர் ஆட்சி கூடாதென்று எதிர்த்த அவர்கள், சிறிய ரிவால்வரின் குண்டு பாய்ந்த பிறகும் கத்தியுடன் மேலே வந்து விழுந்தார்கள். அவர்களை விழ வைக்கப் பெரிய குண்டு தேவை என்று அமெரிக்க ராணுவம் முடிவு செய்தது. ஆயுத சரித்திரத்தின் பல அத்தியாயங்களுக்கு இப்படி ஏதேனும் ஓர் அடிமை நாடு முகவுரை எழுதியிருக்கிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் 1890-களில் செய்த, உடலுக்குள் விரிந்து பிளக்கும் குண்டுக்கு உலகமெங்கும் டம்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1899-ல் ஹேக் மகாநாடு அத்தகைய குண்டை விலக்கியது. நம் ஊர் ஒன்றின் பெயர் உலக அகராதியில் ஏறிய விதம் இது!

தனி மனிதர் தேர்வுக்கு ஒரு ரஸமான உதாரணம் வின்ஸ்டன் சர்ச்சில். 1896-ல் இருபத்தொரு வயது வாலிபராகப் பம்பாய் ஸாஸூன் துறையில் வந்து இறங்கினார். அலையில் ஆடிய படகிலிருந்து கரையிலுள்ள இரும்பு வளையத்தைப் பற்றியபோது தோள்பட்டை இசகிவிட்டது. இந்தியா அவருக்குக் கொடுத்த முதல் கைகுலுக்கல் அது. பிறகு அந்தத் தோள் என்றைக்கும் பழைய நிலைமைக்கு வரவில்லை. 1898 செப்டம்பர் 2-ந் தேதி, ஸூடான் தேசத்து ஓம்டுர்மான் களத்தில் குதிரைப் படையுடன் பாய்ந்தபோது, கத்தி வீச முடியாத காரணத்தால் மௌஸர் பிஸ்டலைக் கையிலெடுத்தார். அதனாலேயே உயிர் தப்பியதாகப் பிற்காலத்தில் எண்ணினார். பம்பாய்த் துறைமுகத்து இரும்பு வளையம் நம்முடைய தேசத்துக்கு நன்மை செய்ததா, தீமை செய்ததா என்பதை நேயர்களின் தீர்மானத்துக்கே விட்டுவிடுகிறோம்.

ஜெனரல் பாட்டன் ரைபிளில் புதுமையைப் புகழ்ந்தவர். தம் இடுப்பிலோ 1916-ல் வாங்கிய பழைய பாணிக் கோல்ட் ரிவால்வரைத் தந்தப் பிடியுடன் தொங்கவிட்டுக்கொண்டார். அது முத்துச்சிப்பிப் பிடி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சிப்பாய்க்கு வேண்டியது உபயோகம்; சேனாபதிக்கு வேண்டியது வேஷப் பொருத்தம் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

1878

இங்கிலீஷ் உத்தியோகஸ்தர்கள் இவ்வாறு கடைக்குப் போய்ப் பேரம் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நம்முடைய கதி என்ன?

1857-ல் என்பீல்டு ரைபிளின் கொழுப்புத் தடவிய தோட்டா எப்படிப் பெருநெருப்பை மூட்டியது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயுடைய துப்பாக்கியைவிட ஒரு படி தாழ்ந்ததையே கொடுப்பது என்ற கொள்கை ஏற்பட்டது. வெள்ளையர் கையில் சுருள் பள்ளமிட்ட குழல் இருக்க, நம்மவர் கையில் வழவழப்பான குழல் இருந்தது. பீரங்கிகளில் பெரும்பாலானவை நம்மவர் கையிலிருந்து பறிக்கப்பட்டன. 1914-ல் இந்தியத் துருப்புகள் பிரான்ஸைக் காப்பாற்ற மார்ஸேல் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் அவர்களுக்குப் புதிய மாதிரி லீ-என்பீல்டு வழங்கப்பட்டது.

சிப்பாயின் கதி இது என்றால், குடிமகனுடைய கதி இன்னும் விசேஷம். 1878-ல் லிட்டன் பிரபு ராஜப்பிரதிநிதியாக இருந்தபோது இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று நாட்டு மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று ஆயுதச் சட்டம், கையைக் கட்டியது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியருக்கு மட்டும் விலக்கு. பத்திரிகைச் சட்டத்தை 1882-ல் ரிப்பன் பிரபு ரத்து செய்தார். ஆயுதச் சட்டமோ சுதந்தரத்துக்குப் பின்பும் நீடித்து, 1959-ல் புதிய சட்டம் வந்த பிறகே மறைந்தது. குடகு நாட்டாருக்கு மட்டும் அதில் ஒரு விலக்கு இருந்தது. அஹிம்சா மூர்த்தியான காந்திஜி 1918-ல் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில், பிரிட்டிஷார் இந்தியாவுக்கு இழைத்த தீங்குகளில் ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கியதே மிகவும் கறுத்தது என்ற கருத்தை எழுதினார். ஆயுதத்தை வேண்டாமென்று துறப்பது வேறு; பிடுங்கிக்கொள்ளப்படுவது வேறு என்பதை அவரைவிட நன்றாக உணர்ந்தவர் யார்?

ரைபிளுக்கு எதிரே பிஸ்டல்

கை கட்டப்பட்ட தேசத்தில், ஆயுதந்தான் வழி என்று நம்பிய வாலிபர்களுக்கு எந்தத் துப்பாக்கி வேண்டுமென்று தேர்ந்தெடுக்க இடமில்லை. வேட்டிக்குள்ளோ கோட்டுப் பைக்குள்ளோ எது மறையுமோ அதுவே அவர்கள் ஆயுதம். 1911 ஜூன் 17-ந் தேதி மணியாச்சி ரயில்வே சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்.

1914 ஆகஸ்ட் 26-ந் தேதி கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கை எடுத்துவரப் போன குமாஸ்தா ஸ்ரீஷ் சந்திர மித்திரர், சுங்கச்சாவடியில் 202 பெட்டிகளை எண்ணி வாங்கினார். கம்பெனியில் 192-ஐ எண்ணிக் கொடுத்தார். மீதிப் பத்துப் பெட்டிகளோடு மாயமாய் மறைந்தார். அந்தப் பெட்டிகளில் 50 மௌஸர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. மௌஸர் பிஸ்டல் பத்துத் தோட்டா கொள்வது. அதன் மர உறையைப் பிடியின் பின்னால் மாட்டினால் தோளில் வைத்துச் சுடும் சிறு ரைபிளாக மாறும். 1,000 மீட்டர் வரையில் குறிபார்க்க அதில் அடையாளம் செதுக்கியிருக்கும். அந்த அடையாளம் செய்தவருடைய உற்சாகத்தைக் காட்டுவதே தவிர, குண்டின் சக்தியைக் காட்டுவதல்ல.

இந்த உண்மை 1915 செப்டம்பர் 9-ந் தேதி ஒரிஸ்ஸாவில் பாலசோருக்கு அருகே வெளியாயிற்று. யதீந்திரநாத முகர்ஜியும் நான்கு தோழர்களும் ஜெர்மனியின் உதவியால் கப்பலில் வரவேண்டிய ரைபிள்களுக்காகக் காத்திருந்தார்கள். 'மாவரிக்' என்ற அந்தக் கப்பல் ஆயுதம் இல்லாமலேயே ஜாவாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ரைபிள் வரவில்லை, ரைபிள் பிடித்த போலீஸ் வந்தது. ஐந்து பேர், ஐந்து மௌஸர் பிஸ்டல்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போர் நடந்தது. தூரத்தில் நின்று சுடுகிறவனுக்கே வெற்றி என்ற கணக்கு மாறவில்லை. சித்தப்பிரியர் களத்தில் விழுந்தார். யதீந்திரர் மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார்.

1931 பிப்ரவரி 27-ந் தேதி அலகாபாத் ஆல்பிரட் பூங்காவில் சந்திரசேகர ஆஸாத் தனியாக நின்று சுட்டது சட்டைப்பைக்கு அடங்கும் சிறு கோல்ட் பிஸ்டலால். கடைசித் தோட்டாவைத் தமக்கென்று வைத்துக்கொண்டார் என்று தேசம் நம்புகிறது. அந்தப் பிஸ்டல் அலகாபாத் பொருட்காட்சிச் சாலையில் வைக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விட மனத்தை உறுத்துவது சிட்டகாங் சம்பவம். 1930 ஏப்ரல் 18-ந் தேதி இரவு ஸூரிய ஸேனரின் வீரர்கள் ஆயுதசாலையைப் பிடித்தார்கள். தந்திக் கம்பியை அறுத்தார்கள். நல்ல ரைபிள்களும் லூயிஸ் யந்திரத் துப்பாக்கிகளும் கைக்கு வந்தன. ஆனால் தோட்டா? அதை வேறிடத்தில் வைத்திருந்தார்கள்! தோட்டா இல்லாத ரைபிள் உலக்கைக்குச் சமானம். அவற்றைத் தீயிட்டுவிட்டு, போலீஸாரிடம் பிடுங்கிய பழைய மஸ்கட்டுகளோடு மலையேறினார்கள். நான்காம் நாள், ஏப்ரல் 22-ந் தேதி, ஜலாலாபாத் குன்றில் ராணுவம் யந்திரத் துப்பாக்கியுடன் வந்தது. பன்னிரண்டு வாலிபர்கள் மாண்டார்கள்.

துப்பாக்கிகளை ஒப்பிடுகிறவர்கள் தாழையும் குழலையும் அளந்து பார்க்கிறார்கள். தோட்டா எந்த அறையில் இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியை அநேகமாய்க் கேட்பதில்லை. சிட்டகாங் வீரர்கள் உயிரைக் கொடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

சாவி நம் கைக்கு வந்த பிறகு

வங்காளத்தில் பாரக்பூருக்கு அருகிலுள்ள இஷாப்பூரில்தான் நம் நாட்டு லீ-என்பீல்டு உற்பத்தியாயிற்று. மலேயாவில் நேதாஜியின் ராணுவத்திலும், கர்னல் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களின் தோளிலும் இருந்தது பிரிட்டிஷாரிடம் கைப்பற்றிய அதே வகை ரைபிள்தான். சுதந்தர இந்தியாவும் அதையே சுவீகரித்துக்கொண்டது.

சுவீகாரம் தப்பில்லை, அதை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டிருந்தது தப்பு. 1962-ல் இமயத்தின் பனியில் சீனர்கள் தானியங்கித் துப்பாக்கிகளோடு வந்தபோது, நம் ஜவான்கள் ஒவ்வொரு குண்டுக்கும் தாழ் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகே இஷாப்பூரில் தானே தோட்டா ஏற்றும் ரைபிள்கள் மும்முரமாகத் தயாராயின. 1966-ல் நம்முடைய திருச்சிராப்பள்ளியிலும் துப்பாக்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. 2019-ல் அமேதியை அடுத்த கோர்வாவில், ருஷ்யருடன் கூட்டாகக் கலாஷ்னிகாவ் இனத்து ரைபிள் செய்ய ஏற்பாடாயிற்று.

கலாஷ்னிகாவ் என்றதும் 2008 நவம்பர் 26-ந் தேதி இரவு ஞாபகத்துக்கு வருகிறது. பம்பாய் ரயில் நிலையத்தில் இரண்டு கொலைகாரர்கள் கலாஷ்னிகாவ் துப்பாக்கியால் ஜனங்களைச் சுட்டு வீழ்த்தியபோது, எதிரே நின்ற கான்ஸ்டபிள்கள் சிலரிடம் தடியும், சிலரிடம் பழைய லீ-என்பீல்டுந்தான் இருந்தன. நூறு வருஷத்துக்கு முன் உலகத்திலேயே விரைவானது என்று பெயர் வாங்கிய ரைபிள்! உத்தரப்பிரதேசப் போலீஸார் அதற்கு 2020 குடியரசு தினத்தில்தான் விடை கொடுத்தார்கள். லிட்டன் பிரபுவின் சட்டத்தைக் கண்டித்த நாம், நம் கான்ஸ்டபிளுக்கு உருப்படியான ஆயுதம் கொடுக்க ஏன் இவ்வளவு தாமதித்தோம் என்பதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் தீர்ப்பு

1948 ஜனவரி 30-ந் தேதி, டில்லியில் பிரார்த்தனைக்கு நடந்து வந்த மகாத்மாவின் மார்பில் மூன்று குண்டுகளைப் பாய்ச்சியது 1934-ல் செய்த இத்தாலியப் பெரட்டா பிஸ்டல். சட்டைக்குள் மறையும் அளவு, கைக்கெட்டும் தூரம். கைத்துப்பாக்கியில் தனி மனிதனுடைய இஷ்டமே பிரதானம் என்று மேலே சொன்னோம். அந்த இஷ்டத்தைக் கட்டிலடங்காமல் விட்டால் ஒரு தேசம் எதை இழக்கக்கூடும் என்பதற்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை. ஆகையால், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி நாட்டில் ஒன்றும் இருக்கலாகாது என்பது நம் தீர்ப்பின் முதற் பகுதி. அந்தச் சட்டம் நிறத்தையும் ஜாதியையும் பணத்தையும் பாராமல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அதைச் சேர்ந்த நிபந்தனை. எல்லையிலும் வீதியிலும் நமக்காக நிற்பவனுக்கு நம்மால் இயன்ற மிக நல்ல ரைபிள் கொடுக்கவேண்டும் என்பது இரண்டாம் பகுதி.

மூன்றாம் பகுதி ரைபிளைப் பற்றியதல்ல. அதைப் பிடித்த கையைப் பற்றியது. 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக்கில் டயரின் உத்தரவுக்கு அடங்கி, நம் நாட்டுச் சிப்பாய்களே 1,650 குண்டுகளை நிராயுதபாணிகள்மேல் சுட்டார்கள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு, 1930 ஏப்ரல் 23-ந் தேதி, ஜலாலாபாத் குன்றில் வாலிபர்கள் விழுந்ததற்கு மறுநாள், பெஷாவர் நகரத்துக் கடைத்தெருவில் கான் அப்துல் கபார்கானின் தொண்டர்கள் வெறுங்கையுடன் நின்றார்கள். கார்வால் ரெஜிமெண்டுச் சிப்பாய்களுக்குச் சுடும்படி உத்தரவாயிற்று. சந்திர சிங் என்ற ஹவில்தாரும் அவருடைய தோழர்களும் சுட மறுத்தார்கள். சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, 1941-ல்தான் விடுதலையானார்.

ஜாலியன்வாலா பாக்கில் இருந்த இலாகாதான் பெஷாவரிலும் இருந்தது. தோட்டா உள்ளேதான் இருந்தது, விசையும் பழுதில்லை. லீ-என்பீல்டின் பெருமைகளைக் கணக்கெடுப்பவர்கள் மான்ஸ் களத்தில் அது நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை வெடித்ததை எழுதிவைத்திருக்கிறார்கள். பெஷாவரில் சந்திர சிங்கின் தோழர்கள் கையில் அது வெடிக்க மறுத்ததையும் அந்தக் கணக்கில் சேர்த்து எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.